கேட்டு வாங்கத் தெரிந்த மனிதர் – டாக்டர் விக்ரம் சாராபாய்

மலருக்கு ஒரு கட்டுரை வேண்டும் என்று மலர்க்குழு நண்பர் கேட்டபோது, பழைய கேண்டீன் கதை ஒன்றை எழுதிக் கொடுத்துத் தப்பித்து விடலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். ஆனால் போன வருடம் கல்லூரிக்கு வந்திருந்தபோது இறுதியாண்டு மாணவர்கள் சிலர் என்னைச் சுற்றி நின்று கேட்ட கேள்வி மனசை விட்டுப் போகவே இல்லை. வெளிநாட்டுப் பல்கலைக்கழகம் ஒன்றோடு சேர்ந்து ஆராய்ச்சி செய்கிற ஜாயிண்ட் புராஜெக்ட் ஒன்றில் சேர வாய்ப்பு வருகிறது, சேரலாமா அண்ணே, அதில் நமக்கு என்ன கிடைக்கும் என்று கேட்டார்கள். எனக்குச் சட்டென்று பதில் வரவில்லை. காரணம் உண்டு.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் நானும் அப்படி ஒரு கூட்டுத் திட்டத்தில் இருந்தேன். எந்த நிறுவனம், எந்த நாடு என்பதெல்லாம் இங்கே வேண்டாம். கருவிகளை அவர்கள் அனுப்பினார்கள். வெயிலில் நின்று கம்பம் நட்டு, கேபிள் இழுத்துப் பொருத்தியது நாங்கள். அளவுகள் எல்லாம் நேரே அவர்களுடைய கம்ப்யூட்டருக்குப் போய்விடும். அந்த அளவு எதற்கு, அதை வைத்து என்ன கண்டுபிடிக்கப் போகிறார்கள் என்று எங்களில் ஒருத்தரும் கேட்கவில்லை. கேட்கத் தோன்றவும் இல்லை. மூன்று வருடத்தில் பணம் நின்றது, மென்பொருள் லைசென்சும் முடிந்தது. கருவிகள் ஒரு கொட்டகையில் சாக்குப் போர்த்திக் கிடந்தன. அவர்கள் மேல் குற்றம் சொல்ல எனக்கு மனசு வரவில்லை. எங்களுடைய கேள்வி என்று ஒன்றை நாங்கள் எடுத்துக்கொண்டு போகவில்லை, அவ்வளவுதான்.

இதே காரியத்தைச் சரியாகச் செய்து காட்டிய ஒருவரைப் பற்றிக் கொஞ்ச நாளாகப் படித்துக் கொண்டிருக்கிறேன். டாக்டர் விக்ரம் அம்பாலால் சாராபாய். 2023 ஆகஸ்டு 23 அன்று சந்திரயான்-3 நிலவில் இறங்கியதே, அந்த லேண்டருக்கு விக்ரம் என்று பெயர் வைத்தது இவரை நினைத்துத்தான். பெயர் எல்லோருக்கும் தெரியும். ஆனால் அவர் மறைந்து அரை நூற்றாண்டுக்கு மேல் ஆகிவிட்டது. இந்திய விண்வெளித் திட்டத்தின் தந்தை என்ற ஒரு வரிக்கு மேல் சொல்லுங்கள் என்றால் நம்மில் பல பேருக்கு வராது. எனக்கும் வந்ததில்லை.

1919 ஆகஸ்டு 12 அன்று அகமதாபாத்தில் பிறந்தார். தந்தை அம்பாலால் சாராபாய் பெரிய மில் முதலாளி, தாய் சரளாதேவி. எட்டுப் பிள்ளைகளில் ஒருவர். நம்ம பக்கத்துப் பெரிய வீடுகளைப் போல வசதிக்குக் குறைவில்லாத குடும்பம். ஒரே வித்தியாசம், பிள்ளைகளை வெளிப் பள்ளிக்கு அனுப்பாமல் வீட்டு வளாகத்துக்குள்ளேயே ஒரு பள்ளிக்கூடம் நடத்தினார்கள். காந்தியடிகள், தாகூர் போன்றவர்கள் வந்து போகும் வீடு அது. சிறுவன் விக்ரமுக்கென்று அங்கே ஒரு பட்டறையும் இருந்தது. இயந்திரங்களில் கை வைத்துப் பழகியது அங்கேதான்.

பிறகு கேம்பிரிட்ஜ், செயின்ட் ஜான்ஸ் கல்லூரி. 1940-இல் பட்டம் வாங்கினார். உலகப் போர் நடந்த சமயம் என்பதால் ஊருக்குத் திரும்பி, பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தில் சர் சி.வி. ராமனிடம் ஆராய்ச்சிக்குச் சேர்ந்தார். எடுத்துக்கொண்ட பொருள் காஸ்மிக் கதிர்கள். போர் முடிந்ததும் மறுபடி கேம்பிரிட்ஜ் போய், வெப்ப மண்டலப் பகுதிகளில் காஸ்மிக் கதிர்கள் பற்றிய ஆய்வுக்காக 1947-இல் டாக்டர் பட்டம் பெற்றார்.

இடையில் 1942-இல் கல்யாணம். மனைவி மிருணாளினி, பரத நாட்டியக் கலைஞர். சென்னை வழக்கறிஞர் சுவாமிநாதன், அம்மு சுவாமிநாதன் தம்பதியரின் மகள். நேதாஜி படையில் இருந்த கேப்டன் லட்சுமியின் தங்கை. ஆக, நாம் ஒரு வகையில் அவரை மாப்பிள்ளை என்று உரிமை கொண்டாடலாம்.

1947 நவம்பர் 11 அன்று, நாடு விடுதலை பெற்று மூன்று மாதம் முடிவதற்குள், அகமதாபாத்தில் ஒரு கல்லூரியில் கிடைத்த சில அறைகளில் இயற்பியல் ஆய்வுக்கூடம் ஒன்றைத் தொடங்கினார். வயது 28. பணம் குடும்ப அறக்கட்டளையிலிருந்தும் ஊர்க்காரர்களிடமிருந்தும் வந்தது. தொடங்கியவர் தானே இயக்குநர் நாற்காலியில் உட்கார்ந்து கொள்வதுதான் வழக்கம். இவர் அப்படிச் செய்யவில்லை. பாலக்காடு பக்கம் கல்பாத்தியில் பிறந்த தமிழர் டாக்டர் கே.ஆர். ராமநாதன், வானிலைத் துறையில் பெரிய பதவியிலிருந்து ஓய்வு பெறும் நேரம். 55 வயதான அவரைக் கூட்டி வந்து முதல் இயக்குநர் ஆக்கினார். ஓசோன், மேல் வளிமண்டலம் என்று உலகம் மதித்த விஞ்ஞானி ராமநாதன். பின்னால் 1954 முதல் 1957 வரை அனைத்துலகப் புவி இயற்பியல் ஒன்றியத்துக்கே தலைவராக இருந்தார். வெளிநாட்டுக் கதவைத் தட்டும் முன்னாலேயே, உலகம் மதிக்கிற ஒருவரை வீட்டுக்குள் உட்கார வைத்துவிட்டார் சாராபாய். இதை நான் ரொம்ப நாள் கவனிக்கவே இல்லை.

அந்த ஆய்வுக்கூடம் கொடைக்கானலிலும் திருவனந்தபுரத்திலும் காஷ்மீரத்துக் குல்மார்கிலும் காஸ்மிக் கதிர் நிலையங்கள் வைத்திருந்தது. நாம் படகுச் சவாரிக்குப் போகிற கொடைக்கானலில் அந்தக் காலத்தில் இரவும் பகலும் கதிர்களை எண்ணிக் கொண்டிருந்தார்கள். 1957-58 அனைத்துலகப் புவி இயற்பியல் ஆண்டில் அறுபதுக்கும் மேற்பட்ட நாடுகள் சேர்ந்து பூமியை அளந்தபோது, இந்தியா வெறுங்கையோடு போகாததற்கு இந்த மாதிரி நிலையங்கள்தான் காரணம்.

இந்த நேரத்தில் அவர் நெசவாலை ஆராய்ச்சிச் சங்கம் ஒன்று நடத்தினார், குடும்பத்தின் மருந்துக் கம்பெனியைப் பார்த்தார், 1961-இல் ஃபோர்டு அறக்கட்டளையின் பண உதவியோடும் ஹார்வர்டு நிர்வாகப் பள்ளியின் துணையோடும் அகமதாபாத் ஐ.ஐ.எம். உருவாவதற்கு முன் நின்றார். ஒரே மனிதர் இத்தனையும் எப்படிச் செய்தார் என்று கேட்காதீர்கள். முழுசாகச் செய்ய முடியவில்லை என்பதும் உண்மை. அதைப் பிறகு சொல்கிறேன்.

தும்பாவுக்கு வருவோம். இந்தக் கட்டுரையை எழுதத் தூண்டியதே அந்த இடம்தான்.

பூமியின் காந்த நடுக்கோடு தென்னிந்தியாவின் தென்கோடி வழியாகப் போகிறது. அந்தக் கோட்டின் மேல், சுமார் 100 கிலோமீட்டர் உயரத்தில், பகல் நேரத்தில் வானத்தில் ஒரு மின்னோட்டம் ஆறு மாதிரி ஓடுகிறது. அது ஏன் அங்கே அப்படிக் குவிகிறது, வேகம் என்ன, உயரம் என்ன என்பது அன்றைக்கு உலக விஞ்ஞானிகளுக்கெல்லாம் பெரிய கேள்வி. பலூன் அவ்வளவு உயரம் ஏறாது; முப்பது நாற்பது கிலோமீட்டரோடு சரி. செயற்கைக்கோளோ அதற்கு ரொம்ப மேலே சுற்றுகிறது. இரண்டுக்கும் நடுவில் அளக்க ஒரே வழி, கருவியை மூக்கில் வைத்துக்கொண்டு மேலே போய்த் திரும்ப விழுகிற சிறு ராக்கெட். அதையும் காந்த நடுக்கோட்டுக்குப் பக்கத்தில் இருந்துதான் விட வேண்டும். அமெரிக்காவிடமும் ரஷ்யாவிடமும் ராக்கெட் இருந்தது. அந்த இடம் நம்மிடம் இருந்தது.

இதை ஒரு பேரமாக மட்டும் பார்த்திருந்தால் நிலத்தை வாடகைக்கு விட்டிருக்கலாம். சாராபாயும் அவருடைய ஆய்வுக்கூடமும் பத்துப் பதினைந்து வருடமாக மேல் வளிமண்டலத்தைத்தான் ஆராய்ந்து கொண்டிருந்தார்கள். அந்தக் கேள்வி அவர்களுடைய கேள்வியும்கூட. அதனால் வந்தவர்களோடு சரிசமமாக உட்கார்ந்து பேச முடிந்தது. 1962-இல் அணுசக்தித் துறையின் கீழ் விண்வெளி ஆராய்ச்சிக்கான தேசியக் குழு அமைந்தது. அணுசக்தித் துறைத் தலைவர் ஹோமி பாபா முழு ஆதரவு தர, சாராபாய் தலைவரானார். திருவனந்தபுரத்துக்கு வடக்கே தும்பா என்ற மீனவர் கிராமம் தேர்வானது.

நிலம் எடுப்பது லேசான காரியமா? அங்கே புனித மரிய மக்தலேனாள் தேவாலயம் இருந்தது. அதைச் சுற்றிக் கடலோரக் குடும்பங்கள் இருந்தன. ஆயர் பீட்டர் பெர்னார்டு பெரைரா மக்களிடம் எடுத்துச் சொல்லிச் சம்மதம் வாங்கிக் கொடுத்தார். தேவாலயம் விஞ்ஞானிகளின் ஆபீஸ் ஆனது. சனங்கள் பக்கத்தில் வேறு இடத்துக்குப் போனார்கள். ராக்கெட் கதையைச் சொல்கிறவர்கள் சைக்கிளில் ராக்கெட் பாகம் போன படத்தைக் காட்டுவார்கள். தலைமுறையாக இருந்த கரையை விட்டுக் கொடுத்த அந்தக் குடும்பங்களைப் பற்றி ரெண்டு வரிக்கு மேல் சொல்ல மாட்டார்கள். அறிவியல் கூட்டுறவில் அவர்களும் ஒரு பங்காளிதான், என்னைக் கேட்டால்.

அது பனிப்போர்க் காலம். 1962 அக்டோபரில் கியூபா விவகாரத்தில் அமெரிக்காவும் ரஷ்யாவும் அணு ஆயுதப் போரின் விளிம்புக்கே போய்த் திரும்பினார்கள். அதே மாதம் சீனா நம் எல்லையில் இறங்கியது. அடுத்த வருடமே தும்பாவில் அமெரிக்க நைக்-அப்பாச்சி ராக்கெட் நின்றது. அதன் மூக்கில் பிரெஞ்சு விஞ்ஞானிகளின் சோடியம் ஆவிக் கருவி. சோவியத் நாட்டின் உதவியாக ஹெலிகாப்டரும் மின்ஸ்க் கம்ப்யூட்டரும் அந்தத் தளத்துக்குக் கிடைத்தன.

எங்கள் நாட்டரசன்கோட்டையில் தைப்பொங்கல் கழிந்து வருகிற செவ்வாய்க்கிழமை, கண்ணாத்தாள் கோயில் முன்னால் நகரத்தார் செவ்வாய்ப் பொங்கல் வைப்பார்கள். நூற்றுக்கணக்கான பானைகள் ஒரே மைதானத்தில், ஒரே நேரத்தில் பொங்கும். ஆனால் பானையும் அரிசியும் அவரவர் வீட்டுது. தும்பாவைப் பற்றிப் படிக்கும்போதெல்லாம் எனக்கு அந்த மைதானம்தான் ஞாபகத்துக்கு வருகிறது.

1963 நவம்பர் 21, மாலை. ராக்கெட்டைத் தூக்கி ஏவுமேடையில் வைக்கும்போது கிரேனின் ஹைட்ராலிக் அமைப்பில் கசிவு. சரி செய்ய நேரமில்லை; ஆட்களே கை கொடுத்து நிமிர்த்தி வைத்தார்கள். ராக்கெட்டைப் பொருத்தும் பொறுப்பில் இருந்தவர் நம்ம பழைய ராமநாதபுரம் மாவட்டத்து ராமேஸ்வரத்துக்காரர், 32 வயது அப்துல் கலாம். நாசாவில் பயிற்சி முடித்துத் திரும்பியிருந்த சிறு குழுவில் அவரும் ஒருவர். 6 மணி 25 நிமிடத்துக்கு ராக்கெட் கிளம்பியது. சூரியன் மறைந்த வானத்தில் சோடியம் ஆவி ஆரஞ்சு நிற மேகமாகப் பரவியது. கேரளத்திலும் தமிழ்நாட்டின் தென்கோடியிலும் சனங்கள் தெருவில் நின்று பார்த்தார்கள். அந்த மேகம் நகர்ந்த திசையையும் வேகத்தையும் வைத்துத்தான் அவ்வளவு உயரத்தில் அடிக்கும் காற்றை அளந்தார்கள். வேடிக்கை பார்த்தவர்களுக்கு அது தெரிந்திருக்காது.

ஒரு ராக்கெட் விட்டதோடு நின்றிருந்தால் என் கொட்டகைக் கதைதான். சாராபாய் அடுத்து என்ன செய்தார் என்பதை மாணவர்கள் கவனிக்க வேண்டும். பிரான்ஸிடம் சென்டார் ராக்கெட்டை வாங்கினார். கூடவே அதை இங்கேயே தயாரிக்கும் உரிமையையும் வாங்கினார். தும்பாவுக்குப் பக்கத்தில் வேளி குன்றில் 1965-இல் விண்வெளித் தொழில்நுட்ப மையம் வந்தது. 1967 நவம்பரில் நம் ஆட்களே வடிவமைத்த ரோகிணி-75 பறந்தது. அதன் குறுக்களவு 75 மில்லிமீட்டர், நம்ம வீட்டுத் தண்ணீர்க் குழாய் அளவு! பார்த்துச் சிரித்தவர்கள் உண்டு. வாங்கியது பெரியது, செய்தது சின்னது. ஆனாலும் வாங்குகிறபோதே செய்யவும் வேண்டும் என்பதில் அவர் விட்டுக் கொடுக்கவில்லை. 1968 பிப்ரவரி 2 அன்று பிரதமர் இந்திரா காந்தி தும்பா தளத்தை ஐக்கிய நாடுகள் சபைக்கு அர்ப்பணித்தார். எந்த நாட்டு விஞ்ஞானியும் வந்து ஆராயலாம் என்று கதவைத் திறந்து வைத்தது, கடன் வாங்கிக் கொண்டிருந்த ஒரு ஏழை நாடு.

ஏழை நாட்டுக்கு ராக்கெட் என்னத்துக்கு என்ற கேள்வி அன்றைக்கும் இருந்தது. சாப்பாட்டுக்குக் கப்பலில் கோதுமை வந்து கொண்டிருந்த வருடங்கள் அவை. நிலவுக்குப் போகும் போட்டியில் இந்தியாவுக்கு ஆசை இல்லை என்பதை சாராபாய் ஒளிக்காமல் சொல்லி வந்தார். அவர் மனதில் இருந்தது டெலிவிஷன். டெல்லியில் மட்டும் டி.வி. இருந்த காலத்தில், பட்டணத்தை விட்டுவிட்டு நேரே கிராமத்துக்குப் படம் காட்ட வேண்டும். விவசாயம், உடல்நலம், குடும்பநலம், பள்ளிப் பாடம் எல்லாம் அதில் வர வேண்டும் என்றார். கம்பம் நட்டு, கோபுரம் கட்டி, ஊர் ஊராகப் போவதைவிட, மேலே ஒரு செயற்கைக்கோள் இருந்தால் செலவு குறைவு என்று கணக்குப் போட்டுக் காட்டினார். நம்மிடம் செயற்கைக்கோள் கிடையாது. 1969 செப்டம்பரில் நாசாவோடு ஒப்பந்தம் போட்டார். அவர்களுடைய ஏ.டி.எஸ்.-6 செயற்கைக்கோளை ஒரு வருடத்துக்கு நமக்குத் தர வேண்டும். தரையில் வேண்டிய டி.வி. பெட்டி, கோழிக்கூண்டு வலை மாதிரி கம்பி வலையால் ஆன பத்தடி ஆன்டெனா, நிகழ்ச்சிகள் அத்தனையும் நம்முடையவை. 1975 ஆகஸ்டு 1 முதல் ஒரு வருடம், ஆறு மாநிலங்களில் சுமார் 2,400 கிராமங்கள் பார்த்தன. தமிழ்நாடு அந்த ஆறில் இல்லை. அந்தக் கிராமங்களில் முதல் நாள் பெட்டியைப் போட்டபோது அதைப் பார்க்க சாராபாயும் இல்லை.

1966 ஜனவரியில் ஹோமி பாபா ஆல்ப்ஸ் மலையில் விமான விபத்தில் இறந்த பிறகு அணுசக்திக் கமிஷனின் தலைமையும் சாராபாய் தலையில் விழுந்தது. அங்கே அவருக்கு எல்லாம் சுமுகமாக இருக்கவில்லை. அணுகுண்டு செய்வதில் அவருக்கு ஆர்வமில்லை. நாட்டின் பலம் அதில் இல்லை என்று கருதினார், கூட இருந்த சிலருக்கு அது பிடிக்கவில்லை. 1970 முதல் 1980 வரைக்கு அவர் போட்ட திட்டத்தில் 1980-க்குள் 2,700 மெகாவாட் அணு மின்சாரம் என்று இருந்தது. அதன் பக்கத்தில்கூட நாம் போகவில்லை. நான் பொறியாளன் என்பதால் இதைச் சொல்லாமல் விட முடியாது: தேதி போடுவதில் அவர் தாராள மனசுக்காரர். பம்பாய், அகமதாபாத், திருவனந்தபுரம், டெல்லி, வெளிநாடு என்று விமானத்திலேயே வாழ்ந்தார். எத்தனை வேலைகளை ஒரு ஆள் ஒரே நேரத்தில் தலையில் ஏற்றிக் கொள்ளலாம் என்பதற்கு அவரை உதாரணமாகக் காட்டக் கூடாது. 1968-இல் வியன்னாவில் நடந்த ஐ.நா. விண்வெளி மாநாட்டில் அறிவியல் தலைவர், 1970-இல் சர்வதேச அணுசக்தி முகமையின் பொது மாநாட்டுக்குத் தலைவர் என்று பொறுப்புகள் மேலும் மேலும் சேர்ந்தன. 1969 ஆகஸ்டு 15-இல் இஸ்ரோவும் பிறந்துவிட்டது.

அந்தக் காலத்தில்தான் நம்ம கல்பாக்கம். அங்கே மின் நிலையம் வந்ததோடு, எரிபொருளை எரித்துக்கொண்டே புது எரிபொருளும் உண்டாக்குகிற வேக ஈனுலைக்கான ஆராய்ச்சி மையம் 1971-இல் தொடங்கியது. இங்கேயும் பிரான்ஸோடு கூட்டு. 1969-இல் ஒப்பந்தம், அவர்களுடைய ராப்சோடி உலையின் வடிவமைப்பைக் கொண்டு இங்கே ஒன்று கட்டுவது, நம் பொறியாளர்கள் அங்கே போய்ப் பழகி வருவது என்று ஏற்பாடு.

1971 டிசம்பர் கடைசி வாரம் சாராபாய் வழக்கம்போலத் தும்பா வந்து வேலைகளைப் பார்வையிட்டார். கோவளத்தில் தங்கியிருந்தார். டெல்லியில் ஒரு கூட்டம் முடித்துக் கிளம்பிய கலாமிடம் போனில் பேசி, திருவனந்தபுரம் விமான நிலையத்தில் தனக்காகக் காத்திருக்கும்படி சொன்னார். கலாம் விமானத்தை விட்டு இறங்கியபோது, சாராபாய் மாரடைப்பால் போய்விட்டார் என்ற செய்திதான் காத்திருந்தது. டிசம்பர் 30. வயது 52.

அன்றைக்குக் கணக்குப் பார்த்தால் அவர் தொடங்கிய பெரிய காரியம் எதுவுமே முடிந்திருக்கவில்லை. டி.வி. திட்டம் காகிதத்தில், செயற்கைக்கோளும் சொந்த ஏவுகணையும் வரைபடத்தில், கல்பாக்கத்தில் கட்டுமான வேலை. ஆள் போனதும் கதை முடிந்தது என்று நினைத்தவர்கள் இருந்திருப்பார்கள். அடுத்த சோதனை 1974 மே மாதம் வந்தது. பொக்ரானில் அணு சோதனை நடந்ததும் வெளிநாட்டுக் கதவுகள் ஒவ்வொன்றாகச் சாத்தப்பட்டன. ராஜஸ்தான் அணுமின் நிலையத்தைக் கட்டிக் கொண்டிருந்த கனடா பாதியில் விலகியது. கல்பாக்கத்து ஆராய்ச்சி உலைக்குத் தருவதாக இருந்த செறிவூட்டிய யுரேனியத்தைப் பிரான்ஸ் தரவில்லை.

உலை பாதியில் நிற்கிறது, எரிபொருள் இல்லை. என் மனக்கண்ணில் அந்தச் சாக்குப் போர்த்திய கொட்டகைதான் வந்து போனது. ஆனால் இங்கே கதை வேறு மாதிரிப் போனது. உலையின் ஒவ்வொரு குழாயும் ஏன் அப்படி இருக்கிறது என்று தெரிந்துகொண்டு வந்த ஆட்கள் இருந்தார்கள். யுரேனியம் கிடைக்காவிட்டால் கையில் இருக்கிற புளூட்டோனியத்தை வைத்து என்ன செய்யலாம் என்று பார்த்தார்கள். புளூட்டோனிய கார்பைடு 70 பங்கு, யுரேனிய கார்பைடு 30 பங்கு என்று ஒரு கலவை எரிபொருளைத் டிராம்பேயில் செய்தார்கள். காற்றுப் பட்டாலே தீப்பிடிக்கக்கூடிய சரக்கு. எந்த நாடும் அதுவரை ஒரு உலையை அதை வைத்து ஓட்டியதில்லை. 1983-இல் கல்பாக்கம் மின் நிலையத்தின் முதல் உலை கனடாவின் துணையில்லாமல் இயங்கத் தொடங்கியது. 1985 அக்டோபர் 18 அன்று, பிரெஞ்சு வடிவமைப்பும் நம் எரிபொருளுமாக, அந்த ஆராய்ச்சி உலையும் இயங்கியது.

கூட்டு வைப்பதையே விட்டுவிட்டார்களா என்றால், அதுவும் இல்லை. 1974-இல் இஸ்ரோ பிரான்ஸின் வைக்கிங் என்ஜினுக்கு ஒப்பந்தம் போட்டது. அதற்கு விலையாகப் பணம் கொடுக்கவில்லை. நம் பொறியாளர்கள் அங்கே போய் அவர்களுக்காக நூறு ஆள்-வருட வேலை செய்து கொடுத்தார்கள், அழுத்தம் அளக்கும் கருவிகளைச் செய்து கொடுத்தார்கள். அப்படிக் கற்றுக்கொண்டு வந்து இங்கே செய்ததுதான் விகாஸ் என்ஜின். அதைத் திருநெல்வேலிச் சீமையில் மகேந்திரகிரி அடிவாரத்தில் கட்டிப்போட்டு எரித்துச் சோதித்தார்கள். பி.எஸ்.எல்.வி.யின் இரண்டாம் கட்டத்தில் எரிவது அதுதான். 2008-இல் சந்திரயான்-1 நிலவுக்குப் போனபோது அதில் 11 கருவிகள், 6 வெளிநாட்டாருடையவை. இந்த முறை வண்டி நம்முடையது, ஏறி வந்தவர்கள் அவர்கள். நிலவில் நீரின் தடயத்தைக் காட்டியதில் நாசாவின் கருவிக்குப் பெரிய பங்கு உண்டு.

அந்த இறுதியாண்டுத் தம்பிகளுக்கு இதைத்தான் ஒரு பக்கக் கடிதமாக எழுத உட்கார்ந்தேன். நீண்டுவிட்டது. அதனால் மலர்க்குழு நண்பரிடம் கொடுத்துவிட்டேன். அவர்கள் கையிலும் இந்த மலர் போய்ச் சேரும்தானே.